பிறர் துணி, நம் ஊசி

இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டால் தொழில் தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அது எவ்வளவு பிழையான எண்ணம் என்பதை, அமெரிக்கப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே செய்துவரும் ஒரு தொழிலைக் கொண்டு அறியலாம்.

'குயில்ட்' என்பது மூன்றடுக்குப் போர்வை. வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் பிணைக்கும் தையலே 'குயில்டிங்'. முன்னாளில் பெண்கள் மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, இதனைக் கையால் தைத்தனர். ஒரு போர்வை முடிய மாதக்கணக்கில் ஆகும்.

அவ்வேலையை மணிக்கணக்கில் முடித்துத் தருவது 'லாங் ஆர்ம்' எனப்படும் நீண்ட கையுடைய இயந்திரம். வீட்டுத் தையல் இயந்திரத்தில் இயந்திரம் நிற்கும், துணி நகரும். இதிலோ பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் துணி விரிந்து நிற்க, இயந்திரம் தண்டவாளத்தில் ஓடும். கைப்பிடியைப் பற்றி நகர்த்தும் வழியெல்லாம் கோலம் விழும்.

இயந்திரத் தையலைக் கலையாக ஏற்கப் பலர் தயங்கிய காலமும் இருந்தது. கென்டக்கி மாநிலப் படுக்கா நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் போர்வைக் கண்காட்சியில், 1989ஆம் ஆண்டு காரல் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தால் தைத்த போர்வை தலைப்பரிசு பெற்றது. 1991இல் அந்நகரில் போர்வைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கணக்கு அறிதல்

இயந்திரத்தின் விலையோ பல்லாயிரம் டாலர். கடன் பட்டு வாங்கியவர் கணக்கறியாவிடில் என்ன ஆவார்? கூலி பெரும்பாலும் சதுர அங்குல அளவில் பேசப்படுகிறது. 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வை 4,800 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 2 சென்ட் எனக் கொண்டால் 96 டாலர். நூல், ஊசி, மின்சாரம், கடன் தவணை யாவும் அதற்குள் அடங்க வேண்டும். துணியைச் சட்டத்தில் ஏற்றும் நேரமும் உழைப்பன்றோ? தோழிதானே என்று குறைத்து வாங்கியே நட்டப்பட்டவர்கள் உண்டு.

நம்பிக்கை காத்தல்

இதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றுண்டு. மறைந்த பாட்டி பாதியில் விட்டுச்சென்ற மேல்துணியை ஒரு பெண் கொண்டுவந்து கொடுக்கிறாள் என வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசை தவறித் தையல் கெட்டால், பிரித்தாலும் பழந்துணியில் ஊசித் துளைகள் நிலைத்துவிடக்கூடும். அதற்கு ஈடாக வேறொன்றை எக்கடையில் வாங்கித் தருவது?

ஆகவே தேர்ந்தவர்கள் முதலில் சொந்தத் துணியிலேயே நெடுநாள் பழகுகிறார்கள். துணி தருபவர் முன்னிலையிலேயே அளந்து, கிழிசல், கறை, கோணல்களைக் காட்டி, கோலம், நூலின் நிறம், கூலி, நாள் அனைத்தையும் எழுதிக் கையொப்பம் பெறுகிறார்கள். அடித்துணி நாற்புறமும் ஏறத்தாழ 4 அங்குலம் கூடுதலாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். கைக்கு மீறிய வேலையை "என்னால் இயலாது" என்று திருப்பித் தரவும் அவர்கள் தயங்குவதில்லை.

சகோதரிகளே! பிறர் துணி நம் கையில் இருக்கும்வரை அது அமானிதம். தன் உழைப்பின் விலையையும் பிறர் பொருளின் அருமையையும் ஒருங்கே அறிந்தவரே தொழில் வல்லவர். இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். இவ்விரண்டு அறிவையும் பழகித்தான் பெற வேண்டும்.