மலைநாட்டின் பழங்கால மழையும் வறட்சியும்

உழவுக்கு முதலாவது வேண்டப்படுவது மழை. ஆயினும், இலங்கை போன்ற சிறிய தீவிலே கூட அது எல்லா இடத்திற்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஆடி மாதத்தில் வட்டவளை, கினிகத்தேனை ஆகிய இடங்களில் மழை ஓயாது பெய்யும்; அதே நாட்களில் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில் வரண்ட காற்று வீசும். மட்டக்களப்பு மக்கள் அக்காற்றைக் கச்சான் என்பர். வட்டவளையில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 5,000 மில்லிமீற்றர் மழை பெய்ய, நுவரெலியாவில் 1,900 மில்லிமீற்றர் அளவிலும், அம்பாந்தோட்டையில் 1,000 மில்லிமீற்றரைச் சிறிது கடந்தும் பெய்கின்றது.

வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை நனைக்கின்றது. மார்கழி முதல் மாசி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவுகளையும் உலர்வலயத்தையும் நனைக்கின்றது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு முன்னைய காற்றைப் பெரிதும் நம்பியிருப்பது. இவ்விரு காற்றுகளும் எக்காலத்தும் ஒரே வலிமையுடன் வீசினவா என்பதை அறிவது விவசாயிகளுக்குப் பயனுள்ளதாகும்.

பழைய மழையை அறியும் முறை

வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் மழையை அளந்து எழுதி வைத்தவர் எவருமிலர். எனினும் சதுப்பு நிலங்களில் அக்காலத்துச் சான்றுகள் தங்கியுள்ளன. செடிகொடிகளின் மகரந்தம் ஆண்டுதோறும் காற்றில் பறந்து சதுப்பில் விழுகின்றது. அங்கே சேறும் மக்கிய புல்லும் அதனை மூடுகின்றன. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மகரந்தம் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாதிருக்கும். நீண்ட குழாயைச் சதுப்பினுள் இறக்கிச் சேற்றைப் படைபடையாக எடுத்து, நுணுக்குக்காட்டியால் நோக்கினால், எக்காலத்தில் காட்டு மரங்கள் மிகுந்திருந்தன, எக்காலத்தில் புல் மிகுந்திருந்தது என்பன புலனாகும். ஒவ்வொரு படையின் வயதும் கதிர்க்கரி முறையால் கணிக்கப்படுகின்றது.

பொகவந்தலாவைக்குக் கிழக்கே, 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் ஹோட்டன் சமவெளி உள்ளது. அங்குள்ள சதுப்பு நிலத்தை இம்முறையால் ஆராய்ந்து, பிரேமதிலக்க, றிஸ்பேர்க் ஆகிய இரு அறிஞர்கள் 2003ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாராய்ச்சி 24,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தை உள்ளடக்கியது.

மலைநாடு வறண்டிருந்த காலம்

இன்று மூடுபனியும் ஈரமும் நிறைந்துள்ள ஹோட்டன் சமவெளி, ஏறக்குறைய 24,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 18,500 ஆண்டுகளுக்கு முன்வரை அரைவறட்சி நிலையில் இருந்தது என்பது அவ்வாராய்ச்சியின் முடிவாகும். அது உலகில் பனிக்கட்டி மிகப் பரவியிருந்த காலம். கடல் குளிர்ந்திருந்தமையால் நீராவி குறைந்தது. ஆசியப் பெருநிலமும் கோடையில் இன்றுபோற் சூடேறவில்லை. ஆதலால் கடற்காற்றைத் தன்பால் இழுக்கும் அதன் ஆற்றல் தளர்ந்தது. தென்மேல் பருவக்காற்று வலுக்குன்றியது. பெருமளவு நீர் பனிக்கட்டியாக நிலத்தில் தங்கியமையால் கடல்மட்டம் இன்றைக்கு ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன.

தமிழ்நாட்டின் நீலகிரி மலைச் சதுப்புகளில் நடைபெற்ற ஆராய்ச்சிகளும் அக்காலத்தில் அங்கே வறட்சி நிலவியதைக் காட்டுகின்றன. ஆகவே இது ஒரு மலைக்கு மட்டும் நேர்ந்த மாறுதலன்று.

எல்லா இடமும் ஒருங்கே வறண்டதில்லை

உயர்மலை வறண்டிருந்த அக்காலத்தில் மேற்குத் தாழ்சரிவுகளின் காடு முற்றாக அழிந்துவிடவில்லை. சிவனொளிபாத மலைக்குத் தென்மேற்கே குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையிலும், களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகையிலும் பழங்கால மனிதரின் எலும்புகள் கிடைத்துள்ளன. அம்மனிதரின் பற்களை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவின்படி, 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர். மழைக்காட்டு உணவு இருந்ததெனின் அங்கே மழையும் இருந்திருத்தல் வேண்டும்.

உலர்வலயத்தின் சான்று வேறு வகையானது. வன்னியில் இரணைமடுவைச் சார்ந்த இடங்களிலும், வடமேற்கு, தென்கீழ்க் கரையோரங்களிலும் செம்மண் தடித்த படையாகக் கிடக்கின்றது. அதன் அடியில் நீர் கொணர்ந்து சேர்த்த பரற்கற்கள் உள்ளன. அவற்றின் மேல் காற்றுக் கொணர்ந்த மணல் குவிந்து செந்நிறம் பெற்றுள்ளது. நீர் மிகுந்த காலமும் காற்றும் வறட்சியும் மிகுந்த காலமும் அங்கே மாறி மாறி வந்துள்ளன.

மழை பெருகியமையும் மீண்டும் குறைந்தமையும்

பனிக்கட்டி உருகத் தொடங்கிய பின்னர் தென்மேல் பருவக்காற்று படிப்படியாக வலுப்பெற்றது. அக்காலத்தில் பூமி கோடையிலே சூரியனுக்கு அண்மையில் வந்தமையால் வடபாதியின் கோடை வெப்பம் மிகுந்திருந்தது. இன்றோ பூமி சூரியனுக்கு அண்மையில் வருவது தை மாதத்து முற்பகுதிக்குச் சற்று முன்னராகும். ஹோட்டன் சமவெளியில் ஏறக்குறைய 8,700 ஆண்டுகளுக்கு முன்னர் ஈரம் உச்சநிலையை அடைந்தது, மலைக்காடு பரவியது. அதன்பின் மழை மெல்லக் குறைந்து, ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் மீண்டும் வறட்சி தலைகாட்டியது. நீலகிரியிலும் இதனையொத்த வறட்சி காணப்படுகின்றது. பின்னரே இன்றைய நிலை ஏற்பட்டது.

பழங்கால மழை மண்ணில் விட்ட குறை

பல்லாயிரம் ஆண்டு பெய்த மழை, மேற்குச் சரிவு மண்ணிலிருந்த சுண்ணாம்பு முதலிய காரப் பொருட்களைக் கரைத்துக் கீழே கொண்டு சென்றுவிட்டது. ஆகவே அம்மண் அமிலத் தன்மையுடையது. தேயிலைக்கு இது பொருந்தும். மரக்கறிகள் பலவற்றுக்குப் பொருந்தாது. கோவாவின் வேர் பருத்து வீங்கும் நோயும் அமில மண்ணிலேயே மிகுதியாகத் தோன்றும். மழை குறைந்த உலர்வலயத்துச் செங்கபில மண்ணிலோ அப்பொருட்கள் அத்துணை கழுவப்படவில்லை. எனவே உலர்வலயத்துக் கமக்காரர் கையாளும் உர முறையை லயத்தின் பின்னேயுள்ள மரக்கறித் தோட்டத்தில் அப்படியே கையாளுதல் தவறாகும்.

மலைக்காடும் புல்லும் மக்கி உண்டான கரிய மேல்மண், ஓர் அங்குலம் சேர்வதற்கே பல நூறு ஆண்டுகள் வேண்டும். மேலிருந்து கீழாகப் பாத்தி அமைத்த சரிவிலே, ஒரு மாலை மழை அதனைக் கெகல்கமு ஓயாவில் சேர்த்துவிடும். கரட்டும் லீக்சும் தரும் ஒரு போக வருவாய்க்காக இம்மண்ணை இழப்பவர் அடுத்த தலைமுறையின் உணவை இழக்கின்றனர்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. தத்தம் நிலத்து மழையைத் தாமே அளத்தல் வேண்டும். நேரான பக்கங்களையுடைய தகரப் பேணியை மரநிழல் படாத வெளியில் மட்டமாக வைத்து, நாள்தோறும் காலையில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து எழுதி வருக. ஒரு மில்லிமீற்றர் மழை, ஒரு பேர்ச்சஸ் நிலத்திற்கு ஏறக்குறைய 25 லீற்றர் நீரைத் தரும்.

2. பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல் வேண்டும். கான்களைச் சிறு சாய்வுடன் வெட்டி, இடையிடையே மண் தங்கும் குழிகளை அமைக்க. ஓரங்களில் மானாப் புல் அல்லது வெட்டிவேர் நடுதல் நன்று.

3. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு தொலமைற்றை நடுகைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் இட்டுக் கலக்க வேண்டும். சோதனையின்றி மிகுதியாக இடுதல் கூடாது.

4. புல்லையும் தழையையும் எரித்தல் கூடாது. அவற்றைப் பாத்தியின் மேல் மூடாக்காக இடுக, எஞ்சியதைக் கூட்டெருவாக்குக. மக்கு நிறைந்த மண் மழை நீரைப் பிடித்து வைத்து, காய்ச்சலான நாட்களில் பயிருக்குக் கொடுக்கும்.

5. மலையின் ஊற்றுக் கண்களையும் சிறு சதுப்புகளையும் வெட்டி வடித்துப் பாத்தியாக்குதல் தகாது. கோடையில் ஓடைக்கு நீர் ஊறுவது அவற்றிலிருந்தே.

6. வடகீழ்க் காற்றை நம்பி நெல் விதைக்கும் ஊவா, கிழக்குப் பகுதி விவசாயிகள் முதல் மழையிலேயே உழுது வரம்பு கட்டுதல் வேண்டும். மழை பிந்திய பெரும்போகத்தில் பீ.ஜி. 300 போன்ற மூன்று மாத நெல் பொருத்தமானது. மழை உரிய காலத்தில் வந்தால் பீ.ஜி. 352 போன்ற மூன்றரை மாத நெல்லை விதைக்கலாம்.

பழங்கால வரலாற்றிலிருந்து விவசாயிகள் அறிய வேண்டியது இதுவே: மழை மாறும், அம்மாறுதல் எல்லாச் சரிவிலும் ஒரே வகையாக அமையாது. இக்காலத்திலும் பருவமழை பிந்துவதும், பல நாள் மழை ஒரே நாளில் கொட்டுவதும் காணப்படுகின்றன. அடுத்த ஊரார் விதைக்கும் நாளைப் பார்த்து விதையாமல், தம் நிலத்தை நனைக்கும் காற்று எது, அது தரும் நீர் எவ்வளவு என்பதை அறிந்து பயிரிடுபவர், வரண்ட ஆண்டிலும் ஓரளவேனும் விளைவு காண்பர்.