சங்கத்துக் கணினி ஏன் தாமதிக்கிறது?

2022-ஆம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில், கமுதி வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வின் நிமித்தம் சென்றிருந்தேன். நெற்பயிர்க் காப்பீட்டுப் பதிவின் கெடு முடிய மூன்று நாட்களே இருந்தன. வானத்தை நம்பி விதைத்துவிட்டு, குண்டாற்றில் நீர் வருமோ வராதோ என்று பார்த்திருக்கும் சீமையில், இப்பதிவு தவறினால் அவ்வாண்டு வெள்ளாமைக்கு வேறு காவல் கிடையாது. வாசலில் இருபது பேருக்கு மேல் அடங்கல் நகலும் ஆதார் அட்டையும் ஏந்தி நின்றார்கள். உள்ளே காரியதரிசி கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுக் கைகட்டி அமர்ந்திருந்தார்.

"சார், பொட்டி முழிச்சிருச்சா?" என்று வாசலிலிருந்து ஒரு மூதாட்டி கேட்டார்.

"இன்னும் இல்லை, ஆத்தா" என்றார் காரியதரிசி.

கணினி விழிக்க ஏழு நிமிஷமாயிற்று. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காத்திருப்பு. பகல் முழுதும் பதினொரு பேருக்கே பதிவு முடிந்தது. புதுக் கணினி ஒன்று 45,000 ரூபாயில் வாங்க நிர்வாகக் குழு ஏற்கெனவே தீர்மானம் எழுதி வைத்திருந்தது. என் குறிப்பை மட்டுமே எதிர்பார்த்திருந்தார்கள். அங்கத்தினர்களின் பங்குத் தொகையிலிருந்து செல்லும் பணமாதலால், கையெழுத்திடுமுன் அந்தப் பெட்டிக்கு என்ன நோய் என்று பார்த்துவிடலாமென்றேன். வாங்கி நான்கு ஆண்டுகளே ஆன யந்திரம் அது.

நோயறிவதற்கு நிபுணர் வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பட்டியல் திறக்கும். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறதென்பதை அது நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். அன்று பிராஸசர் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அளவே உழைத்தது. ஹார்ட் டிஸ்க்கோ நூற்றுக்கு நூறு என்று சிவந்து நின்றது. ரேம் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதேயில்லை. தறியில் இருப்பவர் எவ்வளவு கைத்திறன் உடையவராயினும், தார் சுற்றிக் கொடுப்பவர் தாமதித்தால் நாடா நின்றுவிடும். பிராஸசர் என்பது நெய்பவர். ஹார்ட் டிஸ்க் தார் சுற்றுபவர். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு முள் அதன்மேல் இங்குமங்கும் நகர்ந்து எழுத்தைத் தேடுகிறது. சிதறிக் கிடக்கும் விவரங்களை விநாடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் அதனால் எடுத்துத் தர இயலும். எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகையில் சுழலும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. ரேம் என்பது காரியதரிசியின் மேஜை போன்றது. மேஜை சிறிதானால் பேரேட்டை எடுப்பதும் மீண்டும் அலமாரியில் வைப்பதுமாகவே பொழுது போகும். அலமாரியும் மந்தமானதென்றால் கேட்பானேன்!

கம்பெனியிலேயே பூட்டி வரும் கணினிகளில் இக்குறை சகஜம். விலைப்பட்டியலில் பிராஸசரின் பெயரைப் பெரிதாக அச்சிட்டு, ரேமையும் டிஸ்க்கையும் சிக்கனமாக வைத்து அனுப்புவது வியாபார வழக்கம். அந்தப் பெட்டியைத் திறந்தபோது 4 ஜி.பி. ரேம் பலகை ஒன்றே இருந்தது. பக்கத்து இடம் காலி. அங்கே அதே இனத்தில் இன்னொரு 4 ஜி.பி. பலகை சேர்த்ததில் அளவு இரட்டித்ததுடன், இரண்டும் ஒருசேர வேலை செய்யும் சௌகரியமும் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். ஓய்ந்துபோயிருந்த யு.பி.எஸ். பாட்டரியையும் மாற்றினோம். கூலி உட்பட மொத்தம் 4,400 ரூபாய். மறுநாள் மாலை கணினி அரை நிமிஷத்திற்குள் விழித்தது. கெடுவுக்கு முன் வந்தவர் யாவருக்கும் பதிவு முடிந்தது, அந்த மூதாட்டிக்கும்.

பாட்டரி எதற்கென்று குழுவில் ஒருவர் கேட்டார். கமுதியை அடுத்த செங்கப்படையில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது உண்மையே. ஆயினும் சங்கக் கட்டடத்தில் விளக்கு மினுக்கும் நேரங்கள் உண்டு. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கணக்கே கெடும்.

எல்லாப் பெட்டிக்கும் இதே மருந்தென்று எண்ணிவிடக் கூடாது. பரமக்குடிப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் எஸ்.எஸ்.டி.யும் போதிய ரேமும் இருந்தும், தீபாவளி நெருக்கடியில் கூலிக் கணக்குப் போடுகையில் கணினி திணறியது. மூடியைக் கழற்றினால் விசிறி தெரியாதபடி பஞ்சுத் தூசி அடைத்துக் கிடந்தது. பிராஸசர் நூறு டிகிரி வெப்பத்தை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதி, உலர்ந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட்டதும் சரியாயிற்று. செலவு சொற்பம். நம் கரிசல் புழுதியும் மிளகாய்க் கிடங்கின் நெடித் தூளும் பஞ்சுக்கு இளைத்தவையல்ல. ஆறு மாதத்துக்கொரு முறை ஊதுவது நலம்.

சில எச்சரிக்கைகள். வாரண்டி உள்ள பெட்டியையும், அரசுத் திட்டத்தில் வந்த பெட்டியையும் அனுமதியின்றித் திறக்க வேண்டாம். 63,000 தொடக்கச் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அவ்வகையில் வந்த சாதனங்களுக்குப் பராமரிப்பு முறை தனியே உண்டு. கம்பெனிப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் சிறியது. இணைப்பும் தனி அச்சு. எனவே பெரிய கிராபிக்ஸ் கார்டு சேர்க்கலாமென்று கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். கடன் கணக்குக்கு அது தேவையுமில்லை. இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்களை ஒருசேர வைத்திருப்பவர்கள் ஒன்றை நீக்கட்டும்.

மிகப் பழைய யந்திரத்திற்குச் செலவழிப்பதும் வீண். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. விண்டோஸ் 11-ஐ ஏற்க டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் ஆனால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராஸசரும் வேண்டும். நான் சொன்ன சங்கத்தின் கணினி தேறிவிட்டது. தேறாத பெட்டியில் அங்கத்தினரின் ஆதார் எண்ணையும் சேமிப்பையும் இணையத்தில் திறந்து வைப்பதைவிட, அங்கே புதிது வாங்குவதே முறை. அத்தகைய தீர்மானத்தை நான் தடுக்க மாட்டேன்.

டிஸ்க்கை மாற்றுமுன் கணக்குகளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் திறந்து சரிபார்க்க வேண்டும். கழற்றிய டிஸ்க்கை 200 ரூபாய் தந்து எடுத்துக்கொள்வதாக அன்று மெக்கானிக் சொன்னார். அதில் எண்ணூறு குடும்பங்களின் கடன் விவரம் இருந்தது. காரியதரிசி அதைத் தளவாடப் பதிவேட்டில் வரவு வைத்து, நகைப் பைகள் இருக்கும் இரும்புப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.