திரைச்சீலையின் கீழ் மடிப்பு

கடைகளில் தைத்து விற்கும் திரைச்சீலைகள் பெரும்பாலும் மூன்று நீளங்களில்தான் கிடைக்கின்றன: சன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, உயரமான கதவுக்கு 9 அடி. கொத்தனார் இந்தக் கணக்கைப் பார்த்துச் சன்னல் வைப்பதில்லை. ஆகவே கூடுதல் நீளமாக வாங்கி, வீட்டில் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். சின்ன வேலை என்று டெய்லர்களும் இதை அவ்வளவாக விரும்பி எடுப்பதில்லை.

கத்தரியைத் தொடுவதற்கு முன் துணியைத் துவைத்துவிடுங்கள். தறியில் பாவு நூல்களை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். முதல் முறை நனையும்போது பருத்தி நூல் பருத்து, அந்த விறைப்பு தளர்ந்துவிடுகிறது. திரைச்சீலையில் பாவு பொதுவாக மேலிருந்து கீழாக ஓடுவதால், சுருக்கமும் நீளத்தில்தான் அதிகம் தெரியும். 84 அங்குலச் சீலை 3 சதவீதம் சுருங்கினாலே இரண்டரை அங்குலம் போய்விடும். பாலியஸ்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

துவைத்து உலர்ந்ததைக் கம்பியிலேயே மாட்டி, ஓரிரு நாள் தொங்கவிட்டு, அந்த நிலையிலேயே சாக்பீஸால் குறியிடுங்கள். மேசையில் விரித்து அளப்பதைவிட இது மேல். தரையும் கம்பியும் எல்லா வீட்டிலும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதில்லை. இரண்டாவது சீலையை முதலாவதன்மேல் வைத்து வெட்டாமல், அதையும் அதன் இடத்தில் மாட்டியே குறியுங்கள்.

இனி மடிப்பு. நூல் பிரியாமலிருக்கத்தான் ஓரம் மடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். கைத்தறிச் சேலையின் பக்கவாட்டுக் கரை தைக்காமலே பிரியாது. அங்கே ஊடை நூல் திரும்பித் திரும்பி ஓடுகிறது. முந்தியில் வெட்டுப்பட்ட பாவு நூல்களைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால்தான் அங்கே குஞ்சம் முடிகிறார்கள். திரைச்சீலையின் கீழ் வெட்டும் அந்த முந்தியைப் போன்றதே. பிரியாமல் தடுக்க மட்டும் என்றால் அரை அங்குல மடிப்பு போதும். மீதி மடிப்பெல்லாம் கனத்துக்காக. அடியில் கனம் இருந்தால்தான் சீலையின் கொசுவங்கள் நேராக விழும், மின்விசிறிக் காற்றில் துணி பறக்காது. எனவே 3 அங்குலத்துக்குக் குறையாமல், இரண்டு மடிப்பாக மடிப்பது நல்லது. இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். உள்மடிப்பு சிறிதாக இருந்தால், மெல்லிய துணியில் வெயில் படும்போது அதன் விளிம்பு கோடாகத் தெரியும்.

கணக்கு எளிது. 84 அங்குலச் சீலை 70 அங்குலமாக வேண்டுமென்றால், 70 உடன் மடிப்புக்கு 6 சேர்த்து 76இல் வெட்ட வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் வெட்டவே வேண்டாம் என்பேன். மிச்சத்தையும் மடிப்புக்குள்ளேயே வைத்துத் தைத்தால் அடுத்த வீட்டின் சன்னலுக்கு உதவும். கீழே பூவேலை பார்டர் இருந்தால், வெட்டாமல் பார்டருக்குச் சற்று மேலே பின்பக்கமாக ஒரு ‘டக்’ பிடித்துக்கொள்ளலாம்.

வெட்டும் கோடு கோணாமல் இருக்க, சாதா நெசவுத் துணியில் ஒரே ஒரு ஊடை நூலை உருவி எடுங்கள். அது விட்டுப்போன தடமே உங்கள் கோடு. மடித்ததும் இஸ்திரி போடுங்கள். பாலியஸ்டருக்குக் குறைந்த சூடுதான். அதிகமானால் பளபளத்து, பிறகு உருகும். மடிப்பு நன்றாகப் படிந்துவிட்டால் தையல் தானாக நேரே ஓடும்.

மெஷினில் அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் போதுமானது. 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற பூட்டுத்தையலின் வழிதான் வீட்டு மெஷின்கள் இன்றும் தைக்கின்றன: ஊசியின் முனைக்கருகே உள்ள காதில் வரும் மேல்நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவே பின்னிக்கொள்ள வேண்டும். அடியில் நூல் வளையங்களாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். மெல்லிய துணி சுருக்கு விழுந்தால் இறுக்கத்தைக் குறைத்து, 11ஆம் எண் ஊசி போடுங்கள். பக்க மடிப்பும் கீழ் மடிப்பும் சேரும் மூலையில் துணி பல அடுக்காகிவிடும். அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுவது ஊசிக்கு நல்லது. மெஷின் இல்லாதவர்கள் கையால் எம்மிங் செய்யலாம். முன்பக்கத் துணியில் ஒன்றிரண்டு இழை மட்டும் ஊசியில் ஏறினால் தையல் வெளியே தெரியாது.

வெளிச்சம் மறைக்கும் பூச்சுள்ள துணியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதில் விழுந்த ஓட்டை மூடாது. குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள். பிரித்துத் தைக்க நேர்ந்தால் பழைய தையல் தடம் பகலில் புள்ளி புள்ளியாக ஒளிவிடும்.