கோடித்துணியும் பழைய வேட்டியும்

நுழையுமுன்

பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் பொதிந்து வைப்பதும், தாயின் பழஞ்சேலையில் தூளி கட்டுவதும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உள்ள வழக்கம். வளர்ந்தவர்களோ பண்டிகை நாளில் நனைக்காத கோடித்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்துகின்றனர். பெரியவர்க்குக் கோடி, பச்சிளங்குழந்தைக்குப் பழந்துணி என்ற இவ்வேறுபாட்டுக்கு அறிவியல் அடிப்படை உண்டா? புதுத்துணியில் கலந்துள்ளவை எவை? அவற்றுள் சலவையில் நீங்குவன எவை? இப்பாடம் இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

துணி கடந்து வரும் வழி

தறியில் ஏறும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவர். நெய்யும்போது நூல் இடைவிடாது உரசப்படுவதால், கஞ்சி இல்லையேல் அது பிசிறி அறுந்துவிடும். ஆலைகளில் மாவுக் கஞ்சியோடு செயற்கைப் பசைகளும் பயன்படுகின்றன. துணிக்குக் கஞ்சியிடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆடையைப் பசையில் தோய்த்தெடுத்துக் குளத்து நீரில் அலசும் பெண்ணைக் குறுந்தொகைப் பாடலொன்று காட்டுகிறது.

நெய்த துணி பின்னர்க் காரத்தில் வேகவைத்து வெளுக்கப்பட்டுச் சாயம் ஏற்றப்படுகிறது. இறுதியில் அதன் தோற்றத்தையும் தன்மையையும் மாற்றும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. சுருக்கம் விழாதிருக்க ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும், மெதுமெதுப்பாக இருக்கக் கொழுப்புத்தன்மை கொண்ட மென்மையூட்டியும், பூஞ்சை பிடிக்காதிருக்க மருந்தும் தேவைக்கேற்ப இடம்பெறுகின்றன. திருப்பூரின் பின்னலாடையும் கரூரின் படுக்கை விரிப்பும் இப்படிநிலைகளுள் தமக்குரியவற்றைக் கடந்தே கடைக்கு வருகின்றன. எல்லாத் துணியிலும் எல்லாப் பொருளும் இருப்பதில்லை. ஆயினும் எத்துணியில் எது உள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது.

குழந்தைக்கு ஏன் தனிக்கவனம்?

பச்சிளங்குழந்தையின் தோல் பெரியவரின் தோலைவிட மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பும் மிகுதி. குழந்தை நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழிக்கிறது. விரிப்பின் நுனியையும் சட்டையின் கையையும் வாயில் வைத்துச் சப்புகிறது. எனவே பெரியவருக்குத் தீங்கு செய்யாத அளவும் குழந்தைக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கலாம்.

ஃபார்மால்டிஹைடு அத்தகைய பொருள்களுள் ஒன்று. ஜப்பான் 1973 ஆம் ஆண்டு இயற்றிய ஒரு சட்டத்தின்கீழ், 24 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளின் துணிகளில் இப்பொருள் கண்டறியும் அளவுக்கு இருத்தல் கூடாது என்ற விதி வகுக்கப்பட்டது.

நீரோடு போவன

துணியின்மேல் தளர்வாக ஒட்டியிருப்பவை நீரால் நீங்கும். கஞ்சி, பிணையாத சாயம், தனித்து நிற்கும் ஃபார்மால்டிஹைடு ஆகியவை இவ்வகையின. ஃபார்மால்டிஹைடு நீரில் எளிதிற் கரையும். எனவே உடுத்துமுன் ஒருமுறை துவைப்பதே அதனைப் பெரிதும் குறைத்துவிடும். ஆனால் பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணைந்த பிசின் முழுவதும் வெளியேறாது. வெப்பமும் ஈரமும் பட்டால் அதிலிருந்து சிறிதளவு ஃபார்மால்டிஹைடு மீண்டும் வெளிப்படலாம். ஆதலின் குழந்தைக்குச் 'சுருக்கம் விழாதது' என்னும் துணியைத் தவிர்ப்பதே நன்று.

முதற்சலவைக்குரிய முறை எளியது. துணியில் தைத்துள்ள குறிப்புச் சீட்டைப் படித்துவிட்டு, துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தனி நீரில் ஊறவைத்தல் வேண்டும். அந்நீரைக் கொட்டிவிட்டு, அளவான சலவைத்தூள் இட்டுத் துவைத்து, நுரை அறும்வரை அலசுதல் வேண்டும். அடர்நிறத் துணியை வெளிர்நிறத் துணியோடு சேர்த்தல் கூடாது. மென்மையூட்டி குழந்தைத் துணிக்குத் தேவையில்லை. அது இழையின்மேல் படலமாகப் படிந்து, துணி ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

அலசுதலின் கணக்கு

நீக்க வந்த சலவைத்தூளே துணியில் தங்கிவிட்டால் அதுவும் தோலை உறுத்தும். நுரை மிகுந்தால் தூய்மை மிகும் என்பது தவறான எண்ணம். துவைத்ததைவிட அலசியதே குழந்தைத் துணியில் முதன்மையானது. அதற்கு மிகுந்த நீர் வேண்டும் என்பதில்லை.

பிழிந்த பின்னும் ஒரு விரிப்பில் 1 லிட்டர் சோப்பு நீர் தங்குவதாகக் கொள்வோம். நம்மிடம் 8 லிட்டர் நல்ல நீர் உள்ளது. அதனை ஒரே முறையில் ஊற்றி அலசினால், வாளியில் 9 லிட்டர் ஆகும். பிழிந்தபின் துணியில் மீண்டும் 1 லிட்டர் தங்கும். ஆகவே கரைந்திருந்த சோப்பில் 9 இல் 1 பங்கு துணியிலேயே எஞ்சும். அதே 8 லிட்டரை நான்கு நான்காகப் பிரித்து இருமுறை அலசினால், முதல் முறையில் 5 இல் 1 பங்கும், இரண்டாம் முறையில் அதிலும் 5 இல் 1 பங்கும், அதாவது 25 இல் 1 பங்கு மட்டுமே எஞ்சும். இரண்டிரண்டு லிட்டராக நான்கு முறை அலசினால் எஞ்சுவது 81 இல் 1 பங்கு. தண்ணீர்ப் பஞ்சமுள்ள நகரத்து அடுக்குமாடி வீட்டிலும் இக்கணக்குக் கைகொடுக்கும்.

காற்றோடு போவன

நீருக்கு அடங்காத பொருள்களும் உண்டு. அவற்றுள் அந்துருண்டை முதலாவது. பாச்சை உருண்டை என்றும் இதனைக் கூறுவர். வடமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் குளிர்காலம் முடிந்ததும் ரஜாய், கம்பளி, குழந்தையின் குல்லாய் முதலியவற்றை டிரங்குப் பெட்டியில் அடுக்கி, இடையே இவ்வுருண்டைகளைப் போட்டு வைப்பதுண்டு. மறுகுளிர்காலத்தில் பெட்டியைத் திறந்ததும் எழும் நெடி, துணிக்குள் புகுந்துள்ள நாப்தலீனின் நெடியாகும்.

நாப்தலீன் திட நிலையிலிருந்து நேரே ஆவியாகும் இயல்புடையது. அது நீரில் ஏறத்தாழக் கரைவதேயில்லை; எண்ணெயில் கரையும். எண்ணெய் தடவிய குழந்தையின் தோல் வழியே அது எளிதில் உட்செல்வதற்குக் காரணம் இதுவே. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் 'ஜி6பிடி' என்னும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைந்திருக்கும். அத்தகைய குழந்தையின் உடலில் நாப்தலீன் புகுந்தால் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை உண்டாகும். மஞ்சள்நிறப் பொருள் அளவு கடந்தால் மூளையும் பாதிக்கப்படும். அந்துருண்டையிட்டு வைத்த துணியையும் போர்வையையும் பயன்படுத்தியதால் பச்சிளங்குழந்தைகள் இவ்வாறு நோயுற்ற செய்திகளை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இக்குறை உள்ளது என்பது பிறந்த குழந்தையைப் பார்த்த அளவில் தெரியாது. ஆதலால் பச்சிளங்குழந்தையின் துணியோடு அந்துருண்டையை வைக்காமலிருப்பதே பாதுகாப்பு. துணியைத் துவைத்து, ஈரமின்றி உலர்த்தி, நன்கு மூடிய பெட்டியில் வைத்தாலே பூச்சியின் தொல்லை குறையும். உலர்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வைப்பதும் நம் வீடுகளில் உள்ள வழக்கமே.

முன்பே அந்துருண்டை இட்டுவிட்ட துணியை முதலில் வெயிலிலும் காற்றிலும் பல நாள் விரித்துப் போட வேண்டும். பிறகே துவைக்க வேண்டும். பஞ்சடைத்த ரஜாயைத் துவைக்க இயலாது. உறையைக் கழற்றித் துவைத்து, ரஜாயை இருபுறமும் மாற்றி வெயிலில் காயவைக்கலாம். நெடி எஞ்சியிருக்கும் எத்துணியும் பச்சிளங்குழந்தைக்கு ஆகாது.

போகாதவை

நீராலும் காற்றாலும் நீங்காதவையும் உண்டு. குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பற்றக்கூடாது என்று 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விதி வந்தது. அதனை நிறைவேற்ற, இரவு உடைகள் பலவற்றில் 'டிரிஸ்' என்னும் தீத்தடுப்பு வேதிப்பொருள் ஏற்றப்பட்டது. அப்பொருள் உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கவல்லது என்று 1977 இல் புரூஸ் ஏம்ஸ், ஆர்லீன் புளூம் என்னும் அறிவியலாளர்கள் எச்சரித்தனர். அவ்வாண்டே அந்நாட்டு அரசு அதனைக் குழந்தை உடைகளில் தடைசெய்தது. தீயிலிருந்து காக்கும் நன்னோக்கத்தோடு சேர்த்த பொருளே வேறொரு தீங்காக நின்றது.

சில வகை அசோ சாயங்களும் இத்தகையனவே. அவை சிதையும்போது புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் தோன்றும். ஜெர்மனி 1994 இலும் இந்தியா 1997 இலும் இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தன. இழையோடு ஒன்றிய பொருளை வீட்டுச் சலவை வெல்லாது. அதனை வாங்கும்போதே விலக்க வேண்டும். வெண்மையான அல்லது வெளிர்நிறமான, அச்சுப்படம் இல்லாத, கடுநெடி வீசாத பருத்தித் துணி குழந்தைக்கு ஏற்றது.

போகக்கூடாதவை

மலேரியா மிகுந்த பகுதிகளில் வழங்கப்படும், பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலை இதற்கு மாறானது. அதிலுள்ள மருந்து நிலைத்திருப்பதே நன்மை. இருபது சலவை வரையிலும், ஏறத்தாழ மூன்றாண்டுகளும் பயன்தரும் வகையில் அவ்வலை செய்யப்படுகிறது. புதுவலையை ஒருநாள் நிழலில் விரித்து வைத்தபின் கட்டலாம். அடிக்கடி துவைத்தாலோ கடும் வெயிலில் காயவைத்தாலோ மருந்து வீணாகும். ஆற்றிலும் குளத்திலும் அதனை அலசுதல் கூடாது. அம்மருந்து மீன்களுக்கு நஞ்சு.

துணியை விட்டு நீங்கியது எங்கே செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டில் அளவான சலவைத்தூளையும் அளவான நீரையும் பயன்படுத்துவது குழந்தைக்கு மட்டுமன்றி ஆற்றுக்கும் நல்லது.

பலநூறு முறை துவைத்து, அலசி, வெயிலில் காய்ந்த வேட்டியில் கஞ்சி இல்லை. கசியும் சாயம் இல்லை. குழந்தையை அதில் பொதிந்தவர்க்கு ஃபார்மால்டிஹைடு என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. மெல்லிய தோலுக்கு மெல்லிய துணி என்பது தெரிந்திருந்தது. இன்று புதுத்துணியே வாங்க நேரினும், முறையான முதற்சலவையால் அதனைப் பழைய வேட்டிக்கு நெருங்கச் செய்யலாம்.

சொல்லும் பொருளும்

கோடி – புத்தாடை
தூளி – துணியால் கட்டும் தொட்டில்
பாவு – தறியில் நீளவாக்கில் அமையும் நூல்
நெடி – மூக்கை உறுத்தும் மணம்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்

பயிற்சி

1. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவது ஏன்?
2. நீரோடு போவன, காற்றோடு போவன, போகாதவை, போகக்கூடாதவை – ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. துணியில் 1 லிட்டர் சோப்பு நீர் தங்குகிறது. 9 லிட்டர் நல்ல நீரை மும்மூன்று லிட்டராக மூன்று முறை பயன்படுத்தி அலசினால், எஞ்சும் சோப்பு எத்தனை பங்கு?
4. செயல்பாடு: புதிய பருத்தித் துணித்துண்டு ஒன்றின்மீது ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு துளி அயோடின் கரைசலை இடுக. துவைத்த துண்டின்மீதும் அவ்வாறே இடுக. கருநீல நிறம் எதில் தோன்றுகிறது? மாவுக் கஞ்சி உள்ளதா இல்லையா என்பதை இதிலிருந்து எழுதுக.
5. வீட்டில் துணிகளைப் பெட்டியில் வைக்கும் முறையைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.