மொத்த வாகன எடை உயர்வு (ஆஸ்திரேலியா)

மொத்த வாகன எடை உயர்வு என்பது, ஒரு வாகனம் சாலையில் சட்டப்படி எட்டக்கூடிய உச்ச எடையை, உரிய மாற்றங்களும் அரசு ஒப்புதலும் கொண்டு அதிகரிக்கும் முறையாகும். ஆஸ்திரேலியாவில் நெடும்பயணத்துக்கும் கேரவன் இழுப்பதற்கும் நான்கு சக்கர இயக்க வாகனங்களைப் பயன்படுத்துவோர் இதைப் பரவலாகச் செய்கின்றனர். பேச்சு வழக்கில் இது 'ஜிவிஎம் அப்கிரேடு' எனப்படுகிறது. வலுவான ஸ்பிரிங் பொருத்துவது இதன் ஒரு பகுதி மட்டுமே. ஒப்புதல் இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் சட்டப்படியான எடை வரம்பு ஒரு கிலோ கூட உயராது.

அடிப்படை அளவுகள்

வாகனத்தின் எடையைக் குறிக்கப் பல அளவுகள் உள்ளன.

- வெற்று எடை: ஆளும் சரக்கும் இல்லாமல், 10 லிட்டர் எரிபொருளுடன் உள்ள எடை.
- ஜிவிஎம்: ஆட்கள், எரிபொருள், துணைக்கருவிகள், சரக்கு அனைத்தும் சேர்ந்த உச்ச எடை. டிரெய்லர் இழுக்கும்போது இணைப்புக் குமிழின் மீது இறங்கும் சுமையும் இதில் சேரும்.
- அச்சு வரம்பு: முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய எடை.
- இழுவைத் திறன்: இழுக்கக்கூடிய டிரெய்லரின் உச்ச எடை.
- ஜிசிஎம்: வாகனமும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை.

இவற்றுள் எந்த ஒன்றை மீறினாலும் வாகனம் அதிக எடை கொண்டதாகவே கருதப்படும்.

தேவை எழும் காரணம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட் போன்ற தடங்கள் சுமார் 1,850 கி.மீ. நீளமுள்ளவை. வழியில் எரிபொருளும் குடிநீரும் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே வேண்டியதைச் சுமந்தே செல்ல வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ; ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.84 கிலோ.

ஜிவிஎம் 3,200 கிலோவும், டேங்க் நிரம்பிய நிலையில் எடை 2,250 கிலோவும் உள்ள ஒரு வாகனத்தை எடுத்துக்கொள்வோம். சுமைக்கு மீதமிருப்பது 950 கிலோ. நான்கு பேர் 300, புல்பாரும் வின்ச்சும் 100, பின்பகுதிக் கூண்டு 150, இரண்டாம் பேட்டரியும் குளிர்பெட்டியும் 80, நீர் 60, கருவிகள் 60, உணவும் முகாம் பொருட்களும் 120, கேரவனின் குமிழ்ச் சுமை 250 எனக் கூட்டினால் 1,120 கிலோ வருகிறது. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்த வாகனம் வரம்பைவிட 170 கிலோ அதிகம்.

செய்யப்படும் மாற்றங்கள்

பொதுவாக ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் மாற்றப்படுகின்றன. சில வாகனங்களில் பிரேக், சக்கரம், டயர், பின் அச்சின் பாகங்கள் ஆகியவையும் மாற்றப்படும். கூடிய எடையில் பிரேக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளின்படி இயங்குகின்றனவா என்பது சோதிக்கப்படுகிறது. டயரும் ஒரு வரம்பாகும். 112 என்ற சுமைக் குறியீடு கொண்ட டயர் 1,120 கிலோ தாங்கும். இரண்டு டயர் உள்ள அச்சுக்கு 2,240 கிலோவுக்கு மேல் வரம்பு தர இயலாது.

ஒப்புதல் பெறும் வழிகள்

முதல் பதிவுக்கு முன்: புதிய வாகனத்துக்கு 'இரண்டாம் கட்ட உற்பத்தி' என்ற முறையில் மத்திய அரசின் ஒப்புதல் பெறப்படுகிறது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 2018ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரச் சட்டம் இதற்கு அடிப்படை. இந்த ஒப்புதல் நாடு முழுவதும் செல்லும்.

பதிவுக்குப் பின்: வாகனம் பதிவான மாநிலத்தின் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றும் மாற்றத் தகடும் தேவை. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே வேறு மாநிலத்தில் பதிவை மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் முன்கூட்டியே அங்குள்ள விதியை அறிந்துகொள்வது நல்லது.

ஜிவிஎம் 3,500 கிலோவைத் தாண்டினால் சரக்கு வாகனத்தின் வகைப்பாடு மாறும். 4,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் உரிமம் போதாது.

உயராத அளவுகள்

ஜிவிஎம் உயர்ந்தால் இழுவைத் திறனோ ஜிசிஎம்மோ தானாக உயர்வதில்லை. பலரும் ஏமாறும் இடம் இதுவே. 2022க்கு முந்தைய ஃபோர்டு ரேஞ்சரின் பரவலான டீசல் வகைக்கு ஜிவிஎம் 3,200, இழுவைத் திறன் 3,500, ஜிசிஎம் 6,000 கிலோ. முதல் இரண்டையும் கூட்டினால் 6,700; அனுமதியோ 6,000 மட்டுமே. முழு 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கும்போது, குமிழ்ச் சுமை நீங்கலாக வாகனம் 2,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இங்கே ஜிவிஎம்மை மட்டும் உயர்த்துவதால் பயனில்லை. சில வாகனங்களுக்கு ஜிசிஎம் உயர்வும் கிடைக்கிறது. அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

பின் அச்சும் முன்னதாகவே வரம்பைத் தொடக்கூடும். இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டரும், பின் அச்சிலிருந்து குமிழ் வரை 1.2 மீட்டரும் இருந்தால், 350 கிலோ குமிழ்ச் சுமை பின் அச்சில் 490 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 140 கிலோ குறையும். இதனால் ஸ்டீயரிங் பிடிப்பும் முன் பிரேக்கின் பலனும் குறைகின்றன.

பொதுவான தவறுகள்

- பின்புறம் தாழ்ந்ததை நிமிர்த்தக் காற்றுப் பை பொருத்திவிட்டு, வரம்பும் உயர்ந்துவிட்டதாக எண்ணுதல். காற்றுப் பை உயரத்தைச் சரிசெய்யும், வரம்பை மாற்றாது. அதிகச் சுமையோடு மேடுபள்ளத்தில் ஓட்டினால் சட்டகம் வளைந்த நிகழ்வுகளும் உண்டு.
- புதிய பாகங்களின் எடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுதல்.
- உற்பத்தியாளரின் உத்தரவாதம் அப்படியே தொடரும் என எண்ணுதல்.

விளைவுகள்

அதிக எடையுடன் பிடிபட்டால் அபராதம் விதிக்கப்படலாம். சுமையைக் குறைக்கும்வரை பயணம் நிறுத்தப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

செய்யும் முன்

பயணத்துக்கு ஆயத்தமான நிலையில், ஆட்களும் நீரும் எரிபொருளும் டிரெய்லரும் சேர்த்து, பொது எடை மேடையில் ஒவ்வொரு அச்சையும் தனியே எடை பார்ப்பதே முதல் படி. எந்த வரம்பு மீறப்படுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சிலருக்குத் தேவையற்ற பொருட்களை இறக்குவதே போதுமானது. சிலருக்கு இலகுவான கேரவன் வேண்டியிருக்கும். மீறப்படுவது ஜிவிஎம்மோ அச்சு வரம்போதான் என்று உறுதியானால் மட்டுமே இந்த உயர்வு தீர்வாகும்.