விலை 5 மடங்கு. வேகம் 2 மடங்குதான்! கம்ப்யூட்டர் கார்டு வாங்குவோரே, உஷார்!

கோபிசெட்டிபாளையம்,

ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் கார்டும், 25 ஆயிரம் ரூபாய் கார்டும் ஒரே மாதிரி ஓடுகிற வீடுகள் உண்டு. கார்டில் கோளாறு இல்லை. அதோடு மாட்டியிருக்கும் டி.வி. போன்ற திரைதான் காரணம்!

பிளஸ்-2 முடித்த பையன்கள் கோபி வட்டாரத்தில் இப்போது கேட்பது மோட்டார் சைக்கிள் மட்டும் அல்ல. "அப்பா, கிராபிக்ஸ் கார்டு வேணும்" என்கிறார்கள்.

"அது என்ன வெலை கண்ணு?"

"இருபத்தஞ்சாயிரத்துலயும் இருக்குதுங்கப்பா, ஒண்ணரை லட்சத்துலயும் இருக்குதுங்கப்பா."

மஞ்சள் விற்ற பணமோ, சீட்டு எடுத்த பணமோ, அப்பா கையில் இருப்பது ஒரு தொகைதான். அதைக் கொட்டும் முன்பு தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

அது என்ன கார்டு?

கம்ப்யூட்டர் திரையில் படத்தை வரைந்து தள்ளுகிற தனி எந்திரம்தான் கிராபிக்ஸ் கார்டு. கடிதம் அடிக்கவும், கணக்குப் போடவும், சினிமா பார்க்கவும் தனிக் கார்டே தேவை இல்லை. கம்ப்யூட்டரிலேயே உள்ள வசதி போதும்.

வீடியோ விளையாட்டு, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலை, முப்பரிமாணப் படம் வரைவது, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்குத்தான் இந்தக் கார்டு தேவைப்படுகிறது. அமெரிக்காவின் என்விடியா கம்பெனி 1999-ம் ஆண்டு "ஜீபோர்ஸ் 256" என்ற கார்டை இறக்கியபோது பிடித்த மவுசு இன்றுவரை குறையவில்லை.

ஏழைக் கார்டும் பணக்காரக் கார்டும்

ஒரே கம்பெனி, ஒரே தலைமுறைக் கார்டுகள் இரண்டை எடுத்துக் கொள்வோம்.

ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு 2022 அக்டோபரில் வந்தது. அமெரிக்க விலை 1,599 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 2023 ஜூனில் வந்தது. விலை 299 டாலர். அதாவது சுமார் 25 ஆயிரம் ரூபாய். இங்கே 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி.

பெரிய கார்டில் கணக்குப் போடும் "கோர்"கள் 16,384. சின்னதில் 3,072. விலையும் 5 மடங்குக்கு மேல்; கோரும் 5 மடங்குக்கு மேல். அப்படியானால் வேகமும் 5 மடங்கு இருக்க வேண்டும் அல்லவா?

அதுதான் இல்லை!

சாதாரண திரையில் (1080பி) விளையாடினால் பெரிய கார்டு சுமார் 2 மடங்கு வேகம்தான் காட்டுகிறது. 4கே என்னும் பெரிய திரையில் சுமார் 3 மடங்கு. அவ்வளவுதான்.

ஏன் இப்படி?

சாதாரண திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். புள்ளி குறைவாக இருந்தால் பெரிய கார்டு தன் வேலையை நொடியில் முடித்து விட்டு, கம்ப்யூட்டரின் மூளை (பிராசசர்) அடுத்த வேலை தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து ஆள் செய்ய வேண்டிய வேலைக்கு ஐம்பது ஆளைக் கூப்பிட்ட கதைதான்.

இன்னொரு சங்கதி. சாதாரண திரை வினாடிக்கு 60 படம்தான் காட்டும். சின்னக் கார்டே பெரும்பாலான விளையாட்டுகளில் அதற்கு மேல் தள்ளி விடுகிறது. பெரிய கார்டு 150 படம் தயாரித்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது அதே 60!

யாருக்கு வேண்டும்?

பெரிய கார்டு வீண் என்று அர்த்தம் அல்ல. சினிமா கிராபிக்ஸ் செய்கிறவர்களுக்கும், முப்பரிமாணப் படம் வரைகிறவர்களுக்கும் அது மணிக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். செயற்கை நுண்ணறிவு வேலைக்கு நினைவகம் முக்கியம். 4090-ல் 24 ஜி.பி.; 4060-ல் 8 ஜி.பி.தான். 8-ல் அடங்காததை 24-ல் ஓட்டலாம். புதிய விளையாட்டுகள் சிலவற்றை உச்ச தரத்தில் வைத்தால் 8 ஜி.பி. திணறவும் செய்கிறது.

ஆனால் முகூர்த்த சீசனில் கல்யாண வீடியோ முடித்துக் கொடுக்கும் ஊர் ஸ்டுடியோவுக்கு நடுத்தரக் கார்டே தாராளம்.

கரண்ட் பில் எகிறும்!

கார்டு விலையோடு செலவு முடியவில்லை. 4090 முழு மூச்சில் ஓடினால் 450 வாட்ஸ் இழுக்கும். தினம் 4 மணி நேரம் என்றால் 2 மாதத்தில் 108 யூனிட். வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்ததே, அந்த அளவு முழுவதையும் ஒரு கார்டே விழுங்கி விடும்! 4060 இழுப்பது 115 வாட்ஸ். அதே 2 மாதத்துக்கு 28 யூனிட்டுக்குள் முடிந்து விடும்.

கரண்ட் பெட்டியும் (பவர் சப்ளை) மாற்ற வேண்டும். 4060-க்கு 550 வாட்ஸ், 4090-க்கு 850 வாட்ஸ் பெட்டி வேண்டும் என்பது கம்பெனி சிபாரிசு.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜி.டி. 1030 என்ற மலிவுக் கார்டு 2017-ல் வந்தது. 2018-ல் அதே பெயரில் மட்ட ரக நினைவகம் வைத்து இன்னொன்று வந்தது. தகவல் ஓடும் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்.டி.எக்ஸ். 3050-யும் அப்படித்தான். 8 ஜி.பி. கார்டில் 2,560 கோர். 2024-ல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2,304 கோர். பெட்டியில் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் நஷ்டம் நமக்கு.

பலே மோசடி

அதை விட மோசம், போலிக் கார்டு. 2010, 2011-ம் ஆண்டுப் பழைய கார்டுகளுக்கு உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி, "ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ" என்று புதுப் பெயர் காட்ட வைத்து ஆன்லைனில் விற்றார்கள். கம்ப்யூட்டரும் அந்தப் பெயரையே காட்டும். விளையாட்டைப் போட்டால்தான் குட்டு உடையும்.

"ஜி.பி.யு.-இசட்" என்ற இலவச மென்பொருள் 2018-ல் இருந்து இத்தகைய போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. இன்னொரு அடையாளம்: 1050 டிஐ சிப்பில் பழைய விஜிஏ இணைப்பு வசதி கிடையாது. கார்டின் முதுகில் அந்த நீல நிறத் துளை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய கார்டு வாங்குவோரும் கவனிக்க வேண்டும். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஏராளமான கார்டுகள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டம்பர் 15-ல் அந்த முறை நின்றது. ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்து விட்டன. கம்ப்யூட்டரில் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீங்க.

எங்கே புகார் செய்வது?

வரி பில் இல்லாமல் எதையும் வாங்கக் கூடாது. ஏமாந்து விட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930.

விற்றவர் டெல்லியில் இருந்தாலும் கோபிக்காரர் அங்கே ஓட வேண்டியது இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.