ட்ரிப் ஆகிறதென்று ஆர்சிசிபியைக் கழற்றாதீர்கள்

மழைக்காலம் வந்தால் "ஹீட்டர் போட்டாலே வீடு முழுக்க கரண்ட் போகுது" என்ற புகாரும் வந்துவிடும். அவசரத்துக்குச் சிலர், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியை ஒதுக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். விளக்கு எரியும். கசிவு அப்படியே இருக்கும்.

அந்தச் சாதனத்துக்குள் வளையமான காந்தக் கரு ஒன்று உண்டு. பேஸ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியே செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஈரச் சுவர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போனால் கணக்கு இடிக்கும். மிஞ்சும் காந்தப் பாயம் மாறிக்கொண்டே இருப்பதால், ஃபாரடே 1831-இல் கண்டறிந்தபடி, கருவில் சுற்றிய உணர்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். அது ரிலேயைத் தட்டிவிடும். வீடுகளுக்கான சாதனம் 30 மில்லிஆம்பியர் கசிவில் 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். மிகைச்சுமையிலும் ஷார்ட் சர்க்யூட்டிலும் மட்டும் துண்டிக்கும் எம்சிபிக்கு இந்த அளவு கசிவு கண்ணிலேயே படாது. ஆனால் உடல் வழியே பாய்ந்துகொண்டே இருந்தால் இது இதயத்தையே நிறுத்தக்கூடும்.

திசைதான் இங்கே எல்லாம். பேஸை மேலிருந்தும் நியூட்ரலைக் கீழிருந்தும் கொடுத்துவிட்டால் இரண்டு புலங்களும் கூடிவிடும். கசிவே இல்லாமல் லோடு ஏறியவுடன் ட்ரிப் ஆகும். ஆர்சிசிபியைத் தாண்டிய நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் இதே தொல்லை. இவற்றைத் தேடிச் சரிசெய்வதுதான் எலக்ட்ரீஷியனின் வேலை.

ஆர்சிசிபிக்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்து, தரைக்குக் கசிவில்லை என்றால் இது காப்பாற்றாது. பழைய 'ஏசி' வகை, நேர்மின்னோட்டம் கலந்த கசிவைச் சரியாக உணராது. இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்குக் குறைந்தது 'ஏ' வகை கேளுங்கள். எர்த்திங்குக்கும் எம்சிபிக்கும் இது மாற்று அல்ல.

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 2 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு இணைப்புகளுக்குக் கசிவுப் பாதுகாப்புச் சாதனத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. புது வீடு வாங்குவோர் கட்டுநரிடம் இதை உரிமையோடு கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு ஆபத்தான வயரிங் செய்தவர்மீது 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ரசீதும் புகைப்படமும் கையில் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விபத்து நடந்துவிட்டால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161-இன்படி மின் ஆய்வாளரை விசாரிக்கச் சொல்லலாம். இழப்பீடு கோரும்போது அந்த அறிக்கை பெரிய துணை. ஆகவே ஆய்வுக்கு முன் எரிந்த வயரை மாற்றிவிடாதீர்கள்.

ஆர்சிசிபியில் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; ட்ரிப் ஆகாவிட்டால் உடனே மாற்றுங்கள்.